ஹெட்ஃபோனில் மட்டும் கேட்ட கிட்டார்

எங்கள் மைக் செட்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஒங்களுக்குப் பிடிச்ச ராக் கிட்டாரிஸ்ட் மூணு பேரு சொல்லுங்க." மற்றவர்கள் வெளிநாட்டுப் பெயர்களாக அடுக்கினார்கள். முப்பது வருஷம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவன் நான். என் காதால் கேட்டவர்களைத்தான் சொல்வேன்.

மூன்றாம் இடம்

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர். பாட்டின் நடுவே கம்பி அறுந்தால் மீதி ஐந்திலேயே முடித்துவிடுவார். யாருக்கும் தெரியாது.

இரண்டாம் இடம்

நாகர்கோவிலில் கல்லூரி பேண்டில் வாசித்த ஒரு பெண். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை வெறுங்காலால்தான் மிதிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு வாசிக்கவில்லை என்று கேள்வி.

முதல் இடம்

சஜின். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் லீட் கிட்டார். பிழைப்புக்கு இன்வெர்ட்டர் பேட்டரி மாட்டும் வேலை. அங்கே சவுண்ட் என்னுடையது. முதல் நாளே சபைச் செயலாளர் என் காதருகே வந்தார்.

"அந்தக் கிட்டார் கரகரப்பு வெளிய வரப்பிடாது, கேட்டீரா? அவன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவான். நீரே பாத்துக்கிடும்."

எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. மிக்ஸரில் அவன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிவிட்டால் கூட்டத்துக்குக் கேட்காது. வாசிப்பவன் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குத் தனி லைன். அதில் அவன் கிட்டார் அவனுக்கு முழுசாகக் கேட்கும். ஊருக்கே கேட்கிறது என்று நினைத்துக்கொள்வான். சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை. நான் அதைத்தான் செய்தேன், மூன்று வருஷம்.

ஹெட்ஃபோனில் அவன் சேனலை மட்டும் போட்டுக் கேட்பேன். சரணத்துக்கு முன்னால் ஒரு நோட்டை இழுத்துப் பிடிப்பான். எனக்கு மயிர்க்கூச்செறியும். சுற்றியிருந்த கூட்டம் வெறும் கீபோர்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வருவான். "வெளிய கேட்டுதா அண்ணா? கொள்ளாமா?"

"கொள்ளாம் மக்கா, நல்லா இருந்துது" என்பேன். வெட்கமில்லாமல் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டான். முப்பத்தொரு வயது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவன் அம்மா ஒரு பென் டிரைவோடு என் கடைக்கு வந்தார்.

"மக்கா, அவன் வாசிச்சத இதுல ஏத்தித் தா. எனக்குக் காது மந்தம். முன் பெஞ்சிலதான் இருப்பேன், அவன் வெரலு ஓடுதது தெரியும், சத்தம் மட்டும் கேக்காது. அவன் கேட்டா, நல்லா கேட்டுதுன்னு சொல்லிருவேன். நீ கொஞ்சம் சத்தமா வச்சுத் தா."

எங்கள் ரெக்கார்டிங் எல்லாம் கூட்டத்துக்குப் போகும் லைனில் எடுப்பது. ஒன்றிலும் சஜின் இல்லை.

"ஒங்க காதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் அவன் சத்தத்த அடச்சு வச்சிருந்தேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் பென் டிரைவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நீ கேட்டியா?"

"எல்லா நாளும் கேட்டேன்."

"எப்பிடி இருக்கும் மக்கா? சொல்லு."

அழுதுவிட்டேன்.

மிக்ஸரில் உட்காரும் தம்பிகளே, ஒருவனுடைய ஃபேடரை இறக்கும் முன் மேடைக்கு நடந்து போய் அவனிடம் சொல்லுங்கள். சண்டை போடுவான். போடட்டும்.