மாமா தூங்கிய நிக்காஹ்

எனக்கு நிக்காஹ் நடந்த அன்று காலை, என் சம்மதம் கேட்க வந்த தாய்மாமா கேள்வியின் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். பெண்ணிடம் சம்மதம் கேட்டுச் சபையில் சொல்லும் பொறுப்பு மாமாவுக்கு. சாட்சிகள் இருவரோடு திரைக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த மாப்பிள்ளைக்கு உன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்க..." என்றார். அடுத்து வந்தது குறட்டை.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்திலிருந்த மாமி கிள்ளினார், சிரிப்பு கூடியது. சாட்சிகள் உலுக்கியும் மாமா அசையவில்லை. "சம்மதம் மாமா, சம்மதம்! எந்திரிங்க!" என்று கத்தியேவிட்டேன். பந்தலே கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விருந்துக்கு வந்திருந்த டாக்டரம்மா, அம்மாவின் சிநேகிதி, மாமாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள்.

"இவரு என்ன மருந்து எடுக்கிறாரு?"

மாமி தலைகுனிந்தார். "மார்பியா ஊசிங்க. கல்லடைப்பு வலிக்குன்னு ஆரம்பிச்சாக. வலி போச்சு, ஊசி போகல. இவுக வேல பாக்குற தோல் பதனிடுற ஷாப்புல ஏழெட்டு பேரு சேந்து ஒரு கம்பவுண்டர்கிட்ட போட்டுக்கிறாக."

"எல்லாருக்கும் ஒரே ஊசியா?"

"ஆமாங்க."

"அந்த ஊசி வழியாத்தான் காமாலை வந்திருக்கும். ஈரல் கெட்டா மருந்து உடம்ப விட்டுச் சீக்கிரம் இறங்காது. வழக்கமா போடுற அளவே இப்ப தாங்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

ஆட்கள் மாமாவைத் தூக்குவதற்குள் என்னைப் பெத்த அத்தா ஓடிவந்து என்னிடம் சம்மதம் கேட்டார், நான் தலையாட்டினேன், பள்ளிவாசல் அஸ்ரத்து மூச்சுவிடாமல் நிக்காஹை முடித்தார். வாசலில் நின்றது ஒரே கார், மல்லிகைச் சரம் சுற்றிய மாப்பிள்ளை கார். பின்சீட்டில் நாங்கள் இருவரும், எங்கள் மடியில் மாமாவும்.

"தூங்க விடாதீங்க, பேச்சுக் குடுங்க," என்றார் முன்சீட்டிலிருந்து டாக்டரம்மா.

"மாமா, என் பேரு என்ன?" என்று நான் கத்தினேன். "மாமா, பிரியாணி ஆறிப்போகுது!" என்று கத்தினார் என் புதுக் கணவர். பயம்தான். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. கடைவீதியில் ஜனங்கள் எங்களுக்குக் கையசைத்தார்கள்.

மாமா பிழைத்தார். ஊசியை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூக்கொழுக, கால் உதற, "என்னைய வீட்டுல கொண்டுபோய் விடுங்கப்பா" என்று அழுதார். சாயங்காலங்களில் துணைக்கு இருந்தது நாங்கள்தான். ஆள் நிறைந்த புகுந்த வீட்டில் எங்களுக்குத் தனியே பேச இடமேது? மாமா கண்ணயர்ந்ததும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்கு ஓடுவோம். உள்ளே ஒருவர் அவஸ்தைப்பட, வெளியே கால் தரையில் படாமல் திரிந்தோம்.

கண்ணில் மஞ்சள் வடிந்த பிறகு மாமா சைக்கிளில் தோல் ஷாப்புக்குப் போனார். கூட ஊசி போட்டவர்களில் ஒருவர் அதே காமாலையில் இறந்திருந்தார். மற்றவர்களை, "ஏலே, வந்து ஏறு!" என்று ஒவ்வொருவராகச் சைக்கிளில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். இரண்டு பேர் தப்பித்து ஓடினார்கள்.

மாமாவின் ஈரல் பழையபடி ஆகவில்லை. பிறகு வயிற்றில் நீர் கோத்தது. சோற்றுக்கு வைத்த உப்பில்லாத வெஞ்சனத்தைத் திட்டித் திட்டிச் சாப்பிட்டு, என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தார்.