பாம்பு, சீப்பு, கூரை

வேப்பிலை கருகும் புகையோடு பழைய புத்தக அட்டையின் பசை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அடுத்த மூச்சில் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிடுவேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் கொள்ளுப்பேத்தி எழுதுகிறாள். ஆனாலும் ஒன்பது வயதில் இங்கிலீஷ் சொற்களைத் தேடித் தேடிப் பிடித்தவள் நான்.

அது மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற உலகச் சண்டைக்காலம். ராஜபாளையத்தில் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். அண்ணன் சுப்பையா ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தான். பதினாறு வயதில், இருமலோடு ரத்தம் வருகிறதென்று மாட்டுவண்டியில் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 'சயரோகம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வைக்கோல் போட்டிருந்த பின்கட்டு அறையை ஒழித்து அவனை அங்கே விட்டு, தினமும் வாசலில் வேப்பிலைப் புகை போட்டார்கள். "உள்ள போனது எதுவும் வெளிய வரக்கூடாது" என்றார் அப்பா. அறைச் சன்னலுக்கு நாலு முழம் தள்ளி முற்றத்தில் அம்மா ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டாள். "ஏட்டி, கோட்டைத் தாண்டுனே, காலை ஒடிச்சிருவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். தெருவில் எங்களிடம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வருகிறவர்கள்கூட வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணனோடு ஒரு தடித்த அகராதியும் வந்திருந்தது. அவனுடைய வாத்தியார் இரவல் கொடுத்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் போட்டியாம். அவர்கள் கொடுக்கிற எழுத்துகள் எல்லாம் வருகிற இங்கிலீஷ் சொற்களைத் தேடி எழுதி அனுப்ப வேண்டுமாம். புத்தகம் அறைக்குள் போய்விட்டால் வாத்தியாருக்குத் திரும்பாது, எரிக்கத்தான் வேண்டும். அதனால் அது கோட்டுக்கு இந்தப் பக்கம் என் மடியில் இருந்தது; அண்ணன் அந்தப் பக்கம் இருந்தான்.

எழுத்து தெரியாதவள் எப்படித் தேடினாள் என்று கேட்பீர்கள். அண்ணன் சன்னல் கதவில் சாக்கட்டியால் மூன்று எழுத்துப் போடுவான். அவற்றுக்கு நான்தான் பெயர் வைத்தேன். வளைந்தது பாம்பு, பல் உள்ளது சீப்பு, உச்சி கூரானது கூரை. இன்னும் ஏணி, வளையல், நுகத்தடி எல்லாம் உண்டு. அகராதியில் சொற்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். விரலை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்து, மூன்றும் சேர்ந்திருக்கும் சொல்லைக் கண்டதும் கத்துவேன். நான் ஒவ்வொரு உருவமாகச் சொல்ல அவன் எழுத்துக்கூட்டி அர்த்தம் சொல்வான். பிறகு அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் பென்சிலால் வரைந்துவைப்பேன்.

முதல்நாள் நான் பிடித்தது அந்த மூன்று மட்டுமே உள்ள சொல்.

"பாம்பு, சீப்பு, கூரை!"

"கடல்ட்டி அது."

நாங்கள் இரண்டு பேருமே கடலைப் பார்த்ததில்லை. "அம்புட்டுத் தண்ணியும் இந்தச் சின்னச் சொல்லுக்குள்ளயா?" என்று கேட்டேன். சிரித்தான், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நான் பாம்பைத் திருப்பி வரைந்தால், "தலைகீழாப் புடிக்காத, கடிச்சிரும்" என்பான்.

சங்கு ஊதி அப்பா ஆலையிலிருந்து திரும்பும்வரை எங்கள் வேட்டை நடக்கும். சில நாள் எனக்கு அலுத்துப்போகும். ஒருநாள், பாண்டி ஆடும் பிள்ளைகளின் சத்தம் தெருவிலிருந்து கேட்டபோது கேட்டுவிட்டேன்:

"போட்டி எப்பண்ணே முடியும்? முடிஞ்சா நான் இங்க வரமாட்டேன், வெளயாடப் போயிருவேன்."

அவன் கதவில் இருந்த பழைய எழுத்தைப் புறங்கையால் துடைத்தான். "இன்னும் நாள் கெடக்குட்டி" என்று சொல்லிவிட்டுப் புதிதாக மூன்று எழுத்துப் போட்டான்.

தீபாவளி போயிற்று. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. மார்கழியில் அவன் கை சன்னல் கதவின் பாதிக்குமேல் ஏறவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் மூன்று எழுத்து வரவில்லை. ஒரே ஒரு வளையல், அதையும் அவனால் மூட முடியவில்லை. "இது எல்லாப் பக்கத்துலயும் கெடக்கே, லேசுண்ணே!" என்று துள்ளினேன். அன்றைக்கு மட்டும் அறுபது எழுபது சொல் கத்தியிருப்பேன். ஒன்றுக்கும் அவன் அர்த்தம் சொல்லவில்லை. நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக் கத்திக்கொண்டே இருந்தேன்.

விடியும்போது போய்விட்டான்.

பாய், தலையணை, கஞ்சிச் சட்டி, சாக்கட்டி எழுத்தோடு சன்னல் கதவு, எல்லாவற்றையும் அப்பா எரித்தார். அகராதி மட்டும் தப்பியது. காரியம் முடிந்து, அதைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பா போனபோது நானும் அடம்பிடித்துப் போனேன். என் காகிதங்களையும் கொண்டுபோனேன். போட்டிக்கு அனுப்பினால் அண்ணன் பெயர் வருமே!

மற்றவர்கள் எட்டி நின்று பேசிய நாளில், வாத்தியார் அந்தக் காகிதங்களை வெறுங்கையால் வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் என்னைப் பார்த்தார்.

"இந்தப் போட்டி தீபாவளிக்கு முந்தியே முடிஞ்சு போச்சேம்மா. அவனுக்குத் தெரியுமே. தேதி முடிஞ்சு போச்சு, புத்தகம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு ஆள்கிட்டச் சொல்லிவிட்டானே."

பிறகு காகிதத்தை மறுபடி பார்த்துவிட்டு, "இதெல்லாம் போட்டில கொடுத்த எழுத்தும் இல்ல" என்றார்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் காகிதங்களை மடித்து என் கையிலேயே வைத்தார் வாத்தியார். அவற்றைப் பிற்பாடு கறையான் தின்றது. அந்த அறையை இடித்த இடத்தில் இப்போது தண்ணீர் மோட்டார் நிற்கிறது. சுண்ணாம்புக் கோடு இருந்த தரையில் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

இதை எழுதத் தொடங்குமுன், கொள்ளுப்பேத்தியிடம் பாம்பும் சீப்பும் கூரையும் வரைந்து காட்டினேன். போனில் ஏதோ தட்டினாள். மூன்றும் உள்ள சொற்கள் ஆயிரக்கணக்கில் ஓடின. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அம்புட்டுத்தான் ஆச்சி, முடிஞ்சிருச்சு" என்றாள்.

'முடிஞ்சிருச்சு' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அண்ணன் கடைசிவரை என்னிடம் சொல்லவே இல்லை.