தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு குற்றவாளி

சர்க்கார் ஆபீசில் காரியம் சாதிப்பதில் என் மாமனாரை மிஞ்சச் செங்கல்பட்டில் ஆள் கிடையாது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மேஜைக்கு எந்த முகத்தோடு போகவேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. எனக்குக் கல்யாணமான புதிதில், என் கணவர் விளக்கில்லாத சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து, ராட்டினங்கிணறு பக்கம் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார். சைக்கிள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மாமனார் வெள்ளை வேட்டிக்கு மாறிக்கொண்டு கிளம்பினார். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார். எங்கள் கேஸை, அங்கே ஏற்கெனவே பிடிபட்டு நின்ற ஒரு பால்காரர் பேரில் சேர்த்து எழுதவைத்துவிட்டு வந்திருந்தார்.

“அந்த ஆளு இன்னா மாமா பாவம் பண்ணாரு?” என்று கேட்டேன். புது மருமகள்தான், ஆனால் வாய் அப்போதே நீளம்.

“ஸ்டேஷனுக்குக் கேஸு வேணும்மா. யார் தலையிலயாவது விழுந்துதான் ஆவணும். நம்ம தலையில விழாம பாத்துக்கணும், அவ்ளோதான்.”

இந்தச் சாமர்த்தியத்தை அத்தை, அதாவது என் மாமியார், தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். தெருவும் வாயைப் பிளந்து கேட்டது.

எங்கள் வீட்டு வாசலை ஒட்டித் தெருவோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. நகராட்சி மரம். அதன் அடியில் காலையில் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்குவாள். மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் முதல் பஸ்ஸில், கண்டக்டரிடம் வாங்கவேண்டிய வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து சேருவாள். புருஷனுக்குக் காலில் ஆறாத புண், கடலுக்குப் போக முடியாது. அந்தக் கூடைதான் குடும்பம்.

கூடைக்கு அந்த மரம்தான் உயிர். வெயிலில் வைத்தால் சங்கரா மீன் கொஞ்ச நேரத்தில் கண் வெளுத்துக் குழைந்துவிடும். மரத்தடியில் வைத்தால் உச்சிப்பொழுது வரை தாங்கும். “நெழலுதாம் பாப்பா எனக்கு ஐஸு,” என்பாள் என்னிடம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்டு வேலை பார்த்தேன். காலை வேலை இல்லாத நாட்களில் அவளிடம் மீன் வாங்குவது என் பொறுப்பு. போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையால் மரத்தையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் சுருக்குப்பையில் போடுவாள். கிளம்பும்போது மீன் அலசிய தண்ணீரில் பாதியை மரத்தின் வேரில் ஊற்றுவாள். மீதிப் பாதி எங்கள் வீட்டு முருங்கைக்கு. அத்தையே கூப்பிட்டு ஊற்றச் சொல்லுவாள். அந்த முருங்கை காய்த்த காய்ப்பை என்னவென்று சொல்வேன், தெருவுக்கே சாம்பார் வைக்கலாம்.

அது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர்கள் குடும்பத்தோடு தங்க வீடு தேடி எங்கள் ஊர்வரை வந்தார்கள். மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. மாடி எடுத்து, முன்பக்கம் பால்கனி வைத்து, ஒரு இன்ஜினியரைக் குடிவைக்க வேண்டும். பால்கனி வரவேண்டிய இடத்தில் மரத்தின் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அது ஒன்று. இன்னொன்றை அத்தை சொன்னாள்: “வாசல்ல மீன் கவுச்சி நாறிக்கினு கீது. எந்த இன்ஜினியரு பொண்டாட்டி இங்க வந்து குந்துவா?” அந்தக் கவுச்சியை ஒருநாள் விடாமல் வாங்கிக் குழம்பு வைக்கிறவளும் அவள்தான்.

மாமனார் நகராட்சிக்கு மனு கொடுத்தார். ஓவர்சியர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குள் வந்து காபியும் குடித்தார்.

“பச்சை மரத்துல கைய வெச்சா எங்க தலை போயிடும் சார். பட்டுப்போன மரம்னா பேச்சே இல்ல. ஏலம் வுட்டு வெட்டிடலாம்,” என்றார்.

மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கவர்மெண்டில் வேலை பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம். மீன்காரம்மா போய்விட்டாள், தெரு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டது. மாடி வேலைக்கு வந்த தச்சரின் துரப்பணத்தை எடுத்துக்கொண்டு மாமனார் மரத்தின் பின்பக்கம் போனதை நான் ஜன்னலில் பார்த்தேன். மரத்தூள் மாவு மாதிரி உதிர்ந்தது. அத்தை அடுக்களையிலிருந்து கட்டிப் பெருங்காயத்தை டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம் மயில்துத்தம். மரத்தில் துளை போட்டு இதையெல்லாம் திணித்தால் மரம் நின்றபடியே செத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். திணித்துவிட்டுக் களிமண்ணால் அடைத்தார்கள். கை கழுவ வந்தபோது இருவர் மேலும் சாம்பார் வாசனை.

“மாமா, அந்த மரம் நின்னாதான அந்தம்மாவுக்குப் பொழப்பு?”

“மரம் நகராட்சிது. வூடு நம்மளது. நீ டியூட்டிக்குக் கெளம்புற வழியப் பாரு.”

கணவரிடம் சொன்னேன். “எங்கப்பா விஷயத்துல நீ ஏன் மூக்க நுழைக்கிற?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வீட்டில் ஆம்பிளைக்கு முதுகெலும்பு என்பது படுப்பதற்கு மட்டும்தான்.

மரம் மெல்லத்தான் செத்தது. முதலில் ஒரு பக்கம் இலை பழுத்தது. அப்புறம் உச்சிக் கிளை. காற்றே இல்லாமல் இலை கொட்டியது. நிழலில் ஓட்டை விழுந்தது. மீன்காரம்மா கூடையை இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே மீனை எடை போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு.

“இன்னாங்கையா, மரம் இப்பிடிக் காஞ்சிகினு வருது?” என்று ஒருநாள் கேட்டாள். வேறு யாரையும் கேட்கவில்லை, மாமனாரைக் கேட்டாள். படித்தவர், தெரிந்தவர்.

மாமனார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “நீ ஊத்துற உப்புத் தண்ணிதான். மீன் கழுவுன உப்பு வேர்ல எறங்கினா எந்த மரம் தாங்கும்? நானும் எத்தினியோ நாளா சொல்லணும்னு நெனச்சேன், பாவமேன்னு வுட்டுட்டேன்.”

அவள் முகம் செத்துவிட்டது. உப்பு மரத்தை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. கடல் தண்ணீர் ஏறிய வருஷம் குப்பத்தில் தென்னைகள் நின்றபடியே மொட்டையானதைப் பார்த்தவள். மறுநாளிலிருந்து மீன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். மீன் விற்று முடித்த பிறகு தெருக்குழாயில் வரிசையில் நின்று, குடம் குடமாக நல்ல தண்ணீர் பிடித்து வேரில் ஊற்றினாள். உப்பைக் கழுவுகிறாளாம். வரிசையில் நின்ற பெண்கள் மீன் கையோடு குழாயைத் தொடாதே என்று திட்டினார்கள். மாடிச் சுவர் எழும்புவதை மேற்பார்வை செய்தபடியே மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் முழுசாகப் பட்டுப்போனதும் ஓவர்சியர் மறுபடி வந்தார். பச்சை மரம் ஏன் செத்தது என்று எழுதியாக வேண்டுமாம். காரணம் தயாராக இருந்தது. “தெருவையே கேட்டுப் பாருங்க,” என்றார் மாமனார். தெருவும் ஒரே வாயாக உப்புத் தண்ணீர் என்றது. பொது மரத்தைச் சேதப்படுத்தியதற்கு அபராதம், இனிமேல் அந்தத் தெருவில் கடை போடக்கூடாது என்று மீன்காரம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். அபராதத் தொகையைக் கேட்டு அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது என் மாமனார் எழுந்தார் பாருங்கள். சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி ஆபீசுக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஏழை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று பேசி அபராதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொடுத்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அவள் ஆபீஸ் வாசலிலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம். அவரே வந்து பெருமையாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவள் தராசுக் கட்டையையும் கோணிச் சாக்கையும் எடுத்துப்போக வந்தபோது, கையைப் பிடித்து மரத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கொண்டை ஊசியால் களிமண்ணைச் சுரண்டி எடுத்தேன். உள்ளிருந்து பெருங்காயம் நாறியது.

“மோந்து பாருக்கா. உன் உப்பு இல்ல. எங்க மாமனார்தான் தொள போட்டு வெச்சாரு. நான் பாத்தேன்.”

அவள் குனிந்து முகர்ந்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“மருந்தா வெச்சாரு ஐயா?” என்றாள். “புள்ளைக்கு வயித்து நோவுன்னா தொப்புள்ள வெப்பமே, அது மாதிரி. நான் கெடுத்த மரத்த அவரு காப்பாத்தப் பாத்துகீறாரு. சொல்லவே இல்ல பாரு.”

“ஐயோ, மருந்து இல்லக்கா. இது மரத்தக் கொல்றதுக்கு.”

“சும்மா கெட பாப்பா. மாமனார் மேல இப்பிடிப் பழி போடலாமா? சோறு போடுற மனுசன். அவரு இல்லன்னா நான் இன்னிக்கு எங்க போயி அவ்ளோ துட்டு கட்டியிருப்பேன்?”

“அதே தண்ணியதான எங்க வூட்டு முருங்கைக்கும் ஊத்துன? அது ஏன் சாவல?”

கொஞ்சம் யோசித்தாள். “அது உங்க வூட்டு ராசி,” என்றாள்.

மறுநாள் கூடையில்லாமல் வந்தாள். வாழை இலையில் சுற்றி ஒரு பெரிய கொடுவா மீன். அவள் குப்பத்திலேயே கடனுக்கு வாங்கியிருப்பாள், வேறு எப்படி? மாமனார் முன்னால் வைத்துக் கைகூப்பினாள். “மருந்துகூட வெச்சீங்களாமே ஐயா. பாப்பா காட்டிச்சி.”

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஒரு நொடிதான். பிறகு பெருமூச்சு விட்டார். “இன்னா பண்றது. நம்மால ஆனதப் பாத்தேன். காப்பாத்த முடியல.”

கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்பார்களே, அந்தக் கொடுவாவை அத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மாமனார் தலைத் துண்டத்தை விரும்பிச் சாப்பிட்டார். நான் மோரைக் கரைத்துக் குடித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் யாருக்கு எந்த லைனைக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

மரத்தை ஏலம் எடுத்த விறகுத் தொட்டிக்காரர் வெட்டிக்கொண்டு போனார். மாடி முடிந்தது, இன்ஜினியர் குடிவந்தார். கோடை வந்ததும் இன்ஜினியர் மனைவி பால்கனியில் நிற்க முடியாமல் மாமனாரிடம், “எதிர்ல ஒரு மரம் இருந்தா நல்லா இருக்குமே சார்,” என்றாள். மாமனார் உடனே நகராட்சிக்கு மனு எழுதினார். தெருவுக்கு நிழல் எவ்வளவு அவசியம் என்று அதில் எழுதியிருந்ததை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பழைய வேர் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புங்கங்கன்று வந்தது. ஆடு கடிக்காமல் சுற்றிலும் மூங்கில் கூண்டும் வந்தது.

மீன்காரம்மா அப்போது கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தாள். வெயிலில் மீன் தாங்காததால் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவாள். நிறைய நாள் கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டும் போவாள். ஒருநாள் வாசலில் கூப்பிட்டேன். தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

“இங்க வாக்கா, மீன் வேணும்.”

“நீ வா பாப்பா இந்தாண்ட.”

கிட்டே போனேன். உச்சி வெயில். செருப்பில்லாத காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். கூடைக்கு அடியில் பழைய புடவையை இரண்டு மடிப்பாகச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“எதுக்குக்கா இது?”

“தண்ணி சொட்டாம இருக்கத்தான்.” முகவாயால் கன்றைக் காட்டினாள். “எங்கையி ஆவாத கையி. அதுனாச்சும் பொழைக்கட்டும்.”