ஏலத்தில் எடுத்த பூசணித் தக்காளி

1937ஆம் ஆண்டு ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையை இன்னும் விடவில்லை, காற்று அசையவில்லை, தக்காளி இலையின் காட்டமான பச்சை வாடை மட்டும் தரையோடு படிந்து கிடந்தது. அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அம்மா ஒரே ஒரு பழத்தைக் காம்போடு கிள்ளி எடுத்தாள். நான் அதன் மடிப்புகளை எண்ணினேன், பதினொன்று. இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாய் என்று என் பிள்ளைகள் சந்தேகப்படுகிறார்கள். அன்று முழுக்க எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் அதற்குப் 'பூசணித் தக்காளி' என்று பெயர். சப்பையாக, சுற்றிலும் மடிப்பு விழுந்து, பூசணிப் பிஞ்சுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியதுபோல் இருக்கும். இரண்டு பழம் கரைத்தால் ஒரு சட்டிக் குழம்புக்குப் புளியே வேண்டாம். அம்மா ராஜபாளையத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபோது அவள் அண்ணன் அந்த விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து கொடுத்தாராம். பிறகு மாமா தோட்டத்தை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு வைணவக் குடும்பமோ 'சீமைக் காய்' என்று அதை அடுப்படியில் சேர்க்காது. ஆகவே விதை எங்களிடம் மட்டுமே இருந்தது.

அந்த ஆண்டு அம்மா இருந்த விதை முழுவதையும் போட்டு இருபத்தாறு நாற்று நட்டாள். மார்கழியில் வாடல் விழுந்து இருபத்தைந்து செத்தன. மிஞ்சிய செடியில் காய்த்த மூன்றில் இரண்டைப் புழு தின்றது. மூன்றாவதுதான் இந்தப் பழம்; இது பழுத்து முடிவதற்குள் செடியும் தலை தொங்கிவிட்டது.

அன்றைக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் 'அறுப்பின் பண்டிகை'. அவரவர் கொல்லையிலும் வயலிலும் விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குப் படைக்க வேண்டும்; ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். விதையையாவது எடுத்துக்கொண்டு கொடுக்கலாமே என்று கெஞ்சினேன்.

"வெட்டின பழத்தையாலே ஆண்டவருக்கு வைக்கச் சொல்லுத? மொதப் பழம் அவருக்குன்னு சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான்" என்றாள் அம்மா.

எனக்கு வயது பதினொன்று. ஜாமெட்ரிப் பெட்டி வாங்கப் பதினான்கு மாதமாகச் சேர்த்த பத்தொன்பது அணா என்னிடம் இருந்தது. பெட்டியின் விலை இருபது. ஓர் அணாதான் குறை. இருந்த காசை அப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பெண்கள் எல்லாரும் கோயிலுக்குப் பின்னால் பொதுச்சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரான அப்பா மரத்தடி மேசையில் ஏலத்தொகையை எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிறவர் ஏலம் கேட்கக் கூடாது என்பது சபை வழக்கம். சபை ஊழியரான உபதேசியார் தக்காளியைத் தூக்கிக் காட்டி அரையணா என்றார். நான் ஓரணா என்றேன். கூட்டத்தின் மறுபக்கமிருந்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சாமுவேல் இரண்டு என்றார்.

ஒருவர் மற்றவரை ஏற்றிவிடுவது அங்கே வாடிக்கையான வேடிக்கைதான், நல்ல காரியத்துக்குத்தானே என்று சிரிப்பார்கள். ஆனால் மனிதர் சிரிக்கவில்லை, விடவுமில்லை. எட்டணாவைத் தாண்டியதும் யாரோ, "உள்ள தங்கமாலே இருக்கு?" என்றார்கள். ஒரு ரூபாயைத் தாண்டியபோது பின்னால் நின்றவர்களும் முன்னால் நெருங்கி வந்தார்கள். அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்தேன். கம்பவுண்டர் ஒரு ரூபாய் இரண்டு அணா என்றார். நான் பையிலிருந்ததை மொத்தமாகச் சொன்னேன்: ஒரு ரூபாய் மூன்று அணா. பத்து முறை நான் கேட்டிருந்தேன், ஒன்பது முறை அவர்.

கம்பவுண்டர் காதைச் சொறிந்தார். "போதும்லே, எங்கிட்ட இதுக்கு மேல இல்ல" என்றார். உபதேசியார் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

காசை மேசையில் எண்ணி வைத்துவிட்டு, பழத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கோயிலின் பின்பக்கம் ஓடினேன். எனக்கு முன்னாலேயே கம்பவுண்டர் அங்கே நின்று, ஒரு துணி முடிச்சை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முட்டை விற்ற காசு, ஒரு ரூபாய் இரண்டு அணா. பழத்தை ஏலத்தில் எடுத்துத் தரும்படி அம்மா காலையிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாரு கேட்டாலும் விடாதியன்னு சொன்னிய. ஒங்க மவனத் தவிரன்னு சொல்லலியே" என்றார் அவர்.

ஓரணாவில் முடிந்திருக்குமே, மிச்சம் பதினெட்டணா போய்விட்டதே என்று நான் அழுதேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், முடிச்சை அவிழ்த்து அப்பாவின் மேசைமேல் கொட்டினாள். இது எதற்கு என்று அப்பா கேட்டார்.

"அந்தப் பழத்துக்குன்னு எடுத்து வச்ச காசு. திரும்ப வீட்டுக்கு வராது. தக்காளி பேருலயே எழுதுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பழத்தைச் சிரட்டையில் பிழிந்து, இரண்டு நாள் நுரைக்க விட்டு, அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்தாள். நான் எண்ணினேன், நூற்று அறுபத்து நான்கு விதை. நட்டதில் நூற்று முப்பத்தொன்று முளைத்தது. அந்த ஆண்டு வடிவியல் வகுப்புகளில் பக்கத்துப் பையனின் காம்பஸை இரவல் வாங்கியே காலம் தள்ளினேன். அவனும் சும்மா தரவில்லை, வாரத்துக்கு ஒரு பழம் என்று பேசித்தான் தந்தான்.

இன்று அந்த வேப்பமரம் இல்லை. அந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. அணாவும் இல்லை. கம்பவுண்டரும் அம்மாவும் போய் வெகுகாலம் ஆயிற்று. ராஜபாளையம் சந்தையில் குவிகிற தக்காளி பந்துபோல் வழவழவென்று இருக்கிறது. என் கொல்லையில் மட்டும் ஒன்பது செடி நிற்கிறது. முதல் பழத்தை இன்றும் வெட்டாமல்தான் கோயிலுக்குக் கொடுக்கிறேன், ஏலத்தில் நானே எடுத்தும் விடுகிறேன். மடிப்பு விழுந்த இந்தப் பழத்துக்கு இவ்வளவு பாடா, கடையில் மலிவாகத்தானே கிடைக்கிறது என்று என் மகன் கேட்கிறான். மலிவு எது என்று அவனுக்குத் தெரியாது. இதை நாங்கள் வாங்கிய விலை, என் காசும் அம்மா காசும் சேர்த்து, இரண்டு ரூபாய் ஐந்து அணா.