நோட்ஸில் இல்லாத அத்தியாயம்

1. சிவப்புக் கோடு

நான் இருபதுக்குப் பதினாறு போட்டுக் கொடுத்த காம்போசிஷன் புரொபசரின் மேஜையிலிருந்து திரும்பி வந்தபோது, பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. என் மார்க்கை அடித்துவிட்டு, கீழே பூஜ்யம். பக்கத்தில் 'இன்சொலென்ஸ்' என்று ஒரே வார்த்தை. திமிராம்.

யுத்த காலம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் இங்கிலீஷ் டியூட்டர். குடும்பம் அரியலூரில் இருந்தது. சனிக்கிழமை ரயிலில் கட்டுரைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருத்த உட்காருவேன். பாடம் நடத்துவது புரொபசர், திருத்துவது டியூட்டர். இன்டர்மீடியட் வகுப்புக்கு நான்-டீடெயில் என்று ஓர் இங்கிலீஷ் நாவல் வைத்திருப்பார்கள். அதைப் படித்து, அலசி, மாணவர்கள் கட்டுரை எழுத வேண்டும்.

அலசினார்கள்! புரொபசர் வகுப்பில் நின்று நோட்ஸ் சொல்லுவார், கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட. அதை நெட்டுருப் போட்டு எல்லாரும் அப்படியே எழுதுவார்கள். ஒரு கட்டு திருத்தினால் ஒரே கட்டுரையை வேறு வேறு கையெழுத்தில் படித்த மாதிரி இருக்கும். நாவலை வாங்காமலே பாஸ் பண்ணியவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வருஷத்து நாவலில் ஒரு பிரபு. வெள்ளத்தில் ஊர் பட்டினி கிடக்கிறது. பிரபு தன் களஞ்சியத்தைத் திறந்து எல்லாருக்கும் தானியம் அள்ளிக் கொடுக்கிறார். 'பிரபுவின் தயாள குணத்தை விளக்குக' என்பது கேள்வி. வகுப்பே விளக்கியிருந்தது. செல்லமுத்து மட்டும் விளக்கவில்லை.

செல்லமுத்து பூலாம்பாடிக்காரர். எலிமென்டரி ஸ்கூலில் வாத்தியாராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். கல்யாணம் ஆனவர், ஏறக்குறைய என் வயசு. அவர் எழுதியிருந்தது இதுதான். களஞ்சியம் திறப்பதற்கு முந்தின அத்தியாயத்தில் காரியஸ்தன் வந்து பிரபுவிடம் சொல்கிறான்: களஞ்சியத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, தானியம் முளை விடுகிறது, இனிப் பன்றிகூடத் தின்னாது. அதைக் கேட்ட பிறகுதான் பிரபு கதவைத் திறக்கிறார். அவரைத் தயாளன் என்று சொல்வது பசியோடிருக்கும் ஊர். நாவலாசிரியர் ஓர் இடத்திலும் அப்படிச் சொல்லவில்லை.

நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அந்த அத்தியாயம் இருந்தது. நோட்ஸில்தான் இல்லை.

2. "எனக்கே காட்டுறீரா?"

சிவப்புக் கோடு இழுத்த செல்லமுத்துவின் தாளோடு புரொபசர் அறைக்குப் போனேன்.

"ஆரோக்கியம், உம்மைத் திருத்தச் சொன்னா, திருத்தும். வக்காலத்து வாங்க வராதீர்."

"சார், அவர் எழுதினது புத்தகத்துல இருக்கு சார். பக்கத்தைக் காட்டட்டுமா?"

"புத்தகத்தை எனக்கே காட்டுறீரா? யூனிவர்சிட்டி எக்ஸாமினருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். இன்னைக்குக் கதையில வர்ற பிரபுவைச் சந்தேகப்படுறவன், நாளைக்குக் கலெக்டரைச் சந்தேகப்படுவான். காலம் கெட்டுக் கெடக்குதய்யா."

செலக்‌ஷன் பரீட்சையிலும் அதே கேள்வியை வைத்தார். செல்லமுத்து அதே பதிலை எழுதினார். பெயிலாக்கி, டிடெய்ன் பண்ணிவிட்டார். அதாவது அந்த வருஷம் யூனிவர்சிட்டி பரீட்சைக்குப் போக முடியாது. செல்லமுத்து யாரிடமும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் பிரின்சிபால் அறையில் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரைக் கூட்டிட்டு வாங்க. என் முன்னாலேயே எழுதட்டும்" என்றார். புரொபசர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கேள்வி அவருடையதாக இருக்க வேண்டும்.

3. வெங்காயக் காடு

பெட்ரோல் இல்லாததால் கரி அடுப்பு கட்டிய பஸ் அப்போது. மேட்டில் திணறித் திணறி ஏறிப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பூலாம்பாடிக்கு மாட்டு வண்டி. செல்லமுத்து வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

"எதுக்கு சார் இவ்வளவு தூரம்? அவரு மறுபடியும் அதையேதான் கேப்பாரு. நானும் அதையேதான் எழுதுவேன்."

பக்கத்து வரப்பில் நின்ற அவர் மனைவி அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "இருந்த வேலையையும் வுட்டாச்சு. அவுரு கேக்குறத எழுதிக் குடுத்துட்டு பாஸ் பண்ணிட்டு வந்தா என்னவாம்? அந்த வெள்ளக்காரன் நல்லவனா இருந்தா நமக்கென்ன, கெட்டவனா இருந்தா நமக்கென்ன?"

செல்லமுத்து என்னிடம் திரும்பினார். "சார், நான் எழுதுனது தப்பா? அத மட்டும் சொல்லுங்க."

"தப்பில்லை."

"அப்ப பாஸ் பண்றதுக்கு நான் ஏன் சார் பொய் எழுதணும்?"

பதில் அஞ்சலையிடமிருந்து வந்தது. "பொய்யையும் எழுதுங்க, நெசத்தையும் எழுதுங்க. எது வேணுமோ அவங்க எடுத்துக்கட்டும். மொதல்ல கெளம்புங்க!"

கோபத்தில் சொன்னதுதான். செல்லமுத்து களைக்கொத்தைக் கீழே போட்டார்.

4. இரண்டு விடை

கேள்வி எதிர்பார்த்ததுதான்: பிரபுவின் தயாள குணம். செல்லமுத்து பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதினார். தாளை வாங்கிப் பார்த்தால் இரண்டு தலைப்பு. ஒன்று, 'நோட்ஸின்படி'. அதில் புரொபசரின் நோட்ஸ், ஒரு கமா பிசகாமல். இரண்டாவது, 'நாவலின்படி'. அதில் அவருடைய பதில், அத்தியாயத்தைச் சுட்டிக்காட்டி.

பிரின்சிபால் இரண்டையும் நிதானமாகப் படித்தார். "முதல் விடைக்கு என்ன மார்க் போடுவீங்க?" என்று புரொபசரைக் கேட்டார்.

"பதினெட்டு."

"ரெண்டாவதுக்கு?"

"பூஜ்யம்."

"இவர் சொல்ற அத்தியாயம் புத்தகத்துல இருக்கா?"

"எக்ஸாமுக்கு அது தேவையில்லை சார்."

"நான் அதைக் கேட்கலை."

புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். பிரின்சிபால் உண்மையைக் கண்டுகொண்டார், இனி நியாயம் கிடைத்துவிடும் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பேனாவை எடுத்து, "சரி, அந்தப் பதினெட்டையே வெச்சுக்குவோம். இவர் பரீட்சைக்குப் போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது விடையின் பூஜ்யத்தை யாரும் தொடவில்லை.

வராந்தாவில் செல்லமுத்து சொன்னார்: "பாஸ் பண்ணிட்டேன் சார். எதுக்காகப் பாஸ் பண்ணுனேன்னு பாத்தீங்கள்ல?" யூனிவர்சிட்டி பரீட்சையிலும் தேறினார். பிறகு ஹைஸ்கூல் வாத்தியாரானார். என்னை அடுத்த வருஷம் கல்லூரியில் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரியலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, ரிட்டையர் ஆகும்வரை கட்டுரை திருத்தினேன்.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்பார்கள். ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது கட்டுரை திருத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் நாவலை எடுத்துத் திறந்து பாருங்கள். நாம் வகுப்பில் சொன்னதை அப்படியே திருப்பி எழுதுகிறவனுக்குப் போடுகிற மார்க், அவனுக்குப் போடுகிற மார்க் இல்லை. அந்தப் பதினெட்டைப் புரொபசர் தனக்குத்தான் போட்டுக்கொண்டார்.