நோர்பரியில் ஒரு முதற்பூ

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நோர்பரிக்குக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா எங்களுக்கு முதலில் காட்டியது அவருடைய ரோடோடென்ட்ரன் என்ற பூமரத்தைத்தான். தோட்டத்துக் கோடியில், ஓக் மரங்களின் நிழலில், சருகுக்கு நடுவே நின்றது. இலை ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மணிப்பூர்ப் பக்கத்து மலைக்காடுகளில் தானாக வளரும் சாதியாம். இங்கே இலகுவில் கிடைக்காதாம். விதை போட்டு முளைக்கவைத்தவர் அவரே. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், கணவரும் காலமாகிவிட்டார், மரம் மட்டும் இன்னும் பூக்கவில்லை. "அதன் பூவைப் பார்க்காமல் சாகமாட்டேன்" என்பார்.

என் கணவருக்கு அந்த மரத்தில் பக்தியே வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது, மரத்துக்கு ஆகாது என்று அம்மா சொன்ன நாள்முதல், எங்கள் கூரையில் விழும் மழைத்தண்ணீரை வாளியில் பிடித்து வேலிக்கு மேலால் கொடுப்பார். வீட்டுக்குள் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை கழுவமாட்டார்.

சில வருடம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் உச்சிக் கிளையில் ஒரேயொரு மொட்டு வந்தது. அம்மா துள்ளாத குறை. ஆனால் அது விரியும் முன்னமே அவருக்கு இடுப்பு ஒபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தள்ளிப்போட வழியில்லை. தோட்டக் கேற்றின் பூட்டுத் திறப்பை என் கையில் தந்து, "பனி விழுந்தால் சாக்கால் மூடுங்கள். விரிந்ததும் படம் எடுங்கள். யாரும் தொடவேண்டாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு வியாழன் பின்னேரம் பூ விரிந்தது. சின்னப் பூசணிக்காய் அளவில் ஒற்றைக் கொத்து, மணிமணியாக வெளிர்மஞ்சள், ஒவ்வொரு மணிக்குள்ளும் கருஞ்சிவப்புப் பொட்டு. மறுநாள் காலை கமெராவோடு போனேன். வெட்டுப்பட்ட கிளைதான் நின்றது. திரும்பி ஓடிவந்து பார்த்தால், எங்கள் சாமியறையில் முருகன் படத்துக்கு முன்னால் கொத்து இருக்கிறது.

"இஞ்சாருங்கோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"முதற்பூவெல்லே? சாமிக்கு வைக்காட்டி மரம் விளங்குமோ?" என்றார், நெற்றி நிறையத் திருநீற்றோடு.

"ஒருத்தரும் தொட வேண்டாம் எண்டெல்லே மனுசி சொன்னவ!"

"அவ சுகமா எழும்பி வரவேணும் எண்டு, அவவின்ர பேரிலதான் வைச்சனான்."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். வெட்டிய பூவை ஒட்டவா முடியும்? மறைக்கவும் மனம் வரவில்லை. கொத்தின் காம்பைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்து, பூவோடு அவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். வார்டு வாசலில் மனுசன் நின்றுவிட்டார். "நீர் போம், நான் இதில நிக்கிறன்."

அம்மாவின் கட்டிலருகே போய், முதற்பூ வழக்கத்தையும் அவர் பெயரில் வைத்த கதையையும் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொத்தை இரண்டு கையாலும் வாங்கி, மணிகளை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நான் வீட்டில் இருந்திருந்தால் வெட்ட விட்டிருக்கவே மாட்டேன்" என்றார் கடைசியில். "நான் சொன்னபடி நீங்கள் நடந்திருந்தால், இங்கே படுத்துக்கொண்டு ஒரு படத்தைத்தான் பார்த்திருப்பேன். உங்கள் கணவர் எங்கே?"

"வெளியே. பயத்தில் நிற்கிறார்."

கூப்பிடச் சொன்னார். கள்ளன் மாதிரி வந்து நின்றவரிடம், "சாமிக்கு வைத்த பூவைப் பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"தலையில் வைப்போம்" என்றார் இவர், மெதுவாக.

அம்மா தலையணையில் இருந்து தலையைச் சற்று நிமிர்த்தி, இவர் பக்கம் சாய்த்துக் காட்டினார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என் தலையில் ஒரு பூ வைத்தறியாத மனுசன், கொத்திலிருந்து ஒரு மணியைக் கிள்ளி, அந்த நரைமயிரில் செருகிவிட்டார்.