மான்வேட்டை தொடங்கிய கிழமை

அது ஆண்டின் நாற்பதாம் கிழமை, அதாவது வாரம். நோர்வேயில் ஆண்டைக் கிழமை எண்களால்தான் கணக்கு வைப்பார்கள். ஒஸ்லோப் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை வருவது அந்தக் கிழமையில். எந்த ஆண்டு என்பதில் மாமாவுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. ஆனால் அந்தப் பயணத்தில் மாமா எடுத்த படத்தில் தம்பிக்கு முன்பற்கள் இரண்டும் இல்லை. ஆகவே அவன் முதலாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. இதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்தப் பயணத்துக்குக் காரணம் நான்தான். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் காட்டி, எங்கே போனோம் என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் தங்கள் படங்களில் மலையுச்சியில் நிற்பார்கள். நான் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் ஐஸ்கிரீமோடு நிற்பேன். இந்த முறை எனக்கும் ஓர் உச்சி வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பா தன்னோடு வேலை செய்பவர் ஒருவரிடம் இரண்டு கானோக்களை இரவல் வாங்கினார். ஒடுங்கிய, இலேசான தோணிகள். அம்மாவின் தம்பியான மாமா அவற்றை வள்ளம் என்றே சொன்னார்.

புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். அதற்குள் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஓர் ஏரி முடிந்தால் தோணிகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இதை யாரும் மாமாவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

“வள்ளம் எங்களைச் சுமக்குமெண்டு வந்தனான். நாங்களெல்லோ வள்ளத்தைச் சுமக்கிறம், அத்தான்.”

அப்பாவுக்கும் மாமாவுக்கும் எதிலும் ஒத்துவராது. எந்தப் பாதை, எந்தத் தோள், யார் முன்னால் என்று வழிநெடுகச் சண்டை. புட்டுச் சட்டியைத் தலைகீழாகாமல் பிடித்தபடி நடந்த அம்மா இருவரையும் ஏசினார். தம்பியும் நானும் துடுப்புகளை இழுத்துக்கொண்டு சற்றுப் பின்னால் வந்தோம். வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்கள் மஞ்சள் இலைகளோடு நின்றன. வெயிலும் இருந்தது.

அப்போது ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

தோணி தடாலென்று விழுந்தது. நான் பார்த்தபோது அப்பா, அம்மா, மாமா மூவரும் ஈரப் பாசியில் குப்புறக் கிடந்தார்கள். சட்டி கவிழ்ந்து, புட்டு பாதையெல்லாம் வெள்ளையாகச் சிந்திக் கிடந்தது. யாரும் அசையவில்லை.

ஒரே குண்டில் மூன்று பேரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இனி வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு யாருடைய சட்டைப்பையில் இருக்கும் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த நேரத்தில் அது ஏன் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

பிறகுதான் கவனித்தேன். மூவரும் ஒரே மாதிரிக் கிடந்தார்கள். முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கியிருந்தார்கள். விரல்கள் காதுகளை அடைத்திருந்தன. வாய்கள் திறந்திருந்தன. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒரு பிசகில்லாமல் ஒத்துப்போயிருந்தார்கள்.

“எல்க் வேட்டை,” என்றான் தம்பி, துடுப்பை ஊன்றியபடி. “டீச்சர் சொன்னவ. இந்தக் கிழமைதான் தொடங்குமாம்.” எல்க் என்பது இங்கத்தைய பெரிய காட்டுமான். அதைச் சுடும் காலமும் எங்கள் விடுமுறையும் ஒன்றாக வரும் என்பது எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முதலில் சிரித்தது மாமா. “அத்தான், இன்னும் வாயைத் திறந்துதான் படுக்கிறியள்.”

“நீ மட்டும் என்னவாம்? பல்லைப் பார், பாசி.”

இருவரும் எழும்ப முடியாமல் சிரித்தார்கள். சண்டைக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடங்களிலேயே இது ஒன்றுதான் மறக்கவில்லை என்று மாமா சொன்னார். குண்டுபோடப் பொம்பர் விமானம் வந்தால், ஷெல் விழுந்தால் அப்படிப் படுக்க வேண்டுமாம்.

அம்மா சிரிக்கவில்லை. முழங்காலில் எழுந்து, தான் கிடந்த இடத்தையும் நாங்கள் நின்ற இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நீங்கள் ரெண்டுபேரும் எங்கை நிண்டனீங்கள்?”

“இஞ்சைதான்.”

“நிண்டுகொண்டோ?”

“ஓம்.”

அம்மா கவிழ்ந்த தோணியின் மேல் அமர்ந்துவிட்டார். புட்டை அள்ளவில்லை. மான்வேட்டைதானே, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அப்பா தேற்றினார். அதற்கு அம்மா மெல்லிய குரலில் ஒன்று சொன்னார்.

“பிள்ளையள் இருக்கினமெண்டதை என்ரை உடம்பு மறந்துபோச்சப்பா.”

அடுத்த ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். மறுநாள் காலை உச்சிக்கு ஏறினோம். ஏற்றம் முழுக்க அம்மா எங்கள் கைகளை விடவேயில்லை. அவருடைய பிடியில் என் விரல்கள் வெளிறின. மேலே மொட்டைப் பாறை. காற்று. கீழே நாங்கள் தோணிகளோடு கடந்த ஏரிகள். ஒரு வயதான நோர்வேத் தம்பதி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கமராவை எடுத்தார். நான் பின்னலைச் சரிசெய்து, வகுப்புக்கு வேண்டிய முகத்தோடு நின்றேன்.

“படுங்கோ,” என்றார் அம்மா.

எனக்கு விளங்குவதற்கு முன்பே அவர் கை என் பிடரியில் இருந்தது. அம்மா, தம்பி, நான் மூவரும் பாறையில் குப்புற விழுந்தோம். எழும்பச் சொன்னார். மீண்டும் படுக்கச் சொன்னார். தம்பிக்கு ஒரே கொண்டாட்டம். அந்தத் தம்பதி அதை உடற்பயிற்சி என்று எண்ணிப் புன்னகை செய்ததைப் பார்த்தபோது எனக்குப் பாறைக்குள் போய்விடலாம் போலிருந்தது. உள்ளங்கை உராய்ந்து எரிந்தது. போதும் என்றேன்.

“இன்னொருக்கா,” என்றார் அம்மா. அப்பா தடுக்கவில்லை. மாமாவும் பகிடி விடவில்லை.

முதல் தடவையில் அம்மாவின் கைகள் எங்களைத் தேடித் தடவின. கடைசித் தடவையில் அவர் தான் குனியுமுன் எங்கள் இருவரையும் தன் நெஞ்சுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். அதன் பிறகுதான் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, கோப்பி இருக்கிறதா என்று கேட்டார்.

மாமா எடுத்த ஒரே படம் நாங்கள் கிடக்கும் படம். யார் முகமும் தெரியாது. தம்பியின் முன்பற்களற்ற வாய் மட்டும் சிரித்தபடி ஓரத்தில் தெரியும். அதை நான் வகுப்பில் காட்டவில்லை. படுக்கப் பழகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. தம்பிக்கும் எனக்கும் முதல் தடவையிலேயே அது வந்துவிட்டது. பிறகும் அம்மா ஏன் அத்தனை தடவை படுக்கச் சொன்னார் என்று, எரியும் உள்ளங்கையை ஊதிக்கொண்டு இறங்கியபோது, எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.